இரண்டு முறை பூக்கும் மரம்

ஜூலை 6

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். வணக்கம் சொல்வதற்கு முன்னாலேயே இதைச் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். படித்ததும் கிழித்துப் போட்டாலும் எனக்கு வருத்தமில்லை. அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் உங்கள் அண்ணன் மகள். நீங்கள் கடைசியாகப் பார்த்தபோது எனக்கு முன்பற்கள் விழுந்திருந்தன. இப்போது எல்லாப் பல்லும் இருக்கிறது, பள்ளியில் கடைசி வருடம். அப்பாவும் அம்மாவும் சுகம். நீங்கள் சுகமா? உங்கள் விலாசத்தைத் தையற்கடை அக்கா கொடுத்தார். நீங்கள் இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்சாமே. பதில் எழுதினால் அவர் கடைக்கே எழுதுங்கள். தைத்த துணிக்குள் மடித்துக் கொடுத்துவிடுவார். பிரித்துப் பார்க்க மாட்டார்.

எல்லோரும் படுத்த பிறகு எழுதுகிறேன். மேலே கணக்கு நோட்டு, அதற்கு அடியில் கடிதம். அப்பா என் அறைக் கதவை ஒருநாளும் தட்டியதில்லை. தள்ளிக்கொண்டுதான் வருவார். அதனால் ஒரு காது எப்போதும் செருப்புச் சத்தத்துக்காகக் காத்திருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

விஷயம் இதுதான். நான் பல்கலைக்கழகத்தில் தோட்டக்கலை படிக்க வேண்டும். சாப்பிடும்போது மெதுவாக எடுத்துப் பார்த்தேன். “மண்ணு என்ன, சர்டிபிகேட்டைப் பாத்துட்டா வேர் விடுது?” என்றார் அப்பா. “உங்க அத்தையும்தான் படிச்சா. படிச்சு என்னத்தக் கிழிச்சா? என் வியாபாரத்தைக் கிழிச்சா.” விடுமுறைக்கு வந்த நீங்கள், நம் நர்சரியில் கன்று வாங்க வந்தவர் முன்னாலேயே “அண்ணா, இது ஒட்டுக்கன்னு இல்ல, வெறும் விதைக்கன்னு” என்று சொன்ன கதை எங்கள் வீட்டில் இன்னும் ஆறவில்லை. அன்றைக்கு வாசலைத் தாண்டிய நீங்கள் திரும்பி வரவில்லை என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

எனக்கு வேலை தெரியும், அத்தை. காட்டெலுமிச்சைக் கன்றின் பட்டையைக் கீறி, ஆரஞ்சு மரத்து இலைக்கணு மொட்டு ஒன்றை உள்ளே செருகி, நாடா சுற்றிக் கட்டுவதில் ரேடியோ அண்ணனையே முந்திவிடுவேன். நர்சரியில் வேலை செய்பவர். வாயை மூடத் தெரியாததால் அந்தப் பெயர். ஆனால் ஏன் ஒட்டுகிறது, ஏன் சிலது ஒட்டுவதில்லை என்று கேட்டால் இங்கே யாருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஆசை.

அங்கே என்ன சொல்லித் தருவார்கள்? படித்தால் என்ன வேலை கிடைக்கும்? நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அண்ணன் மகள்


ஜூலை 19

என் சிட்டுக்கு,

உனக்கு இந்தப் பெயரை வைத்தவள் நான்தான், நினைவிருக்கிறதா? ஒரு இடத்தில் உட்கார மாட்டாய். நான் நலம். கண்ணுக்குக் கண்ணாடி வந்துவிட்டது, மற்றபடி குறையில்லை. அண்ணிக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? அண்ணன் இன்னும் சாப்பிட்ட கையோடு செடிகளைப் பார்க்கப் போய்விடுகிறதா?

உன் கடிதத்தை யாருக்கும் காட்ட மாட்டேன். இது வாக்கு.

முதல் வருடம் மண், வேர், பூச்சி. வேரை வரையச் சொல்வார்கள். நான் வரைந்ததைப் பார்த்து வாத்தியார், “இது வேரா, நீங்க தலை சீவாம வந்ததா?” என்று கேட்டார். ஆளுக்கொரு பாத்தி தருவார்கள். என் பாத்தியில் தக்காளி. பூ வந்த நேரத்தில் ஒரு செடியில் இலை சுருண்டது. வாத்தியார் வந்து, வரிசை முழுவதையும் பிடுங்கிப் போடு என்றார். அழுதுகொண்டே பிடுங்கினேன். பக்கத்துப் பாத்திக்காரன் மனசு கேட்காமல் ஒரே ஒரு செடியை விடுதி வாளியில் ஒளித்து வைத்தான். அடுத்த வாரம் அதிலிருந்து நோய் பரவி வகுப்பில் ஒருத்தர் பாத்தியும் மிஞ்சவில்லை. அந்த வருடம் எங்கள் எல்லோருக்கும் தக்காளியில் பூஜ்யம். அவனுக்கு ‘வாளி’ என்று பெயர்.

வேலையா? வாளி இப்போது விளையாட்டு மைதானத்தில் புல்லுக்குப் பொறுப்பு. முடிதிருத்துபவன் மாதிரி நாளெல்லாம் வெட்டுகிறேன் என்கிறான். என் அறைத்தோழி, கண்ணாடிக் குப்பிக்குள் வாழைக்கன்று வளர்க்கிறாள். ஒரு குப்பி உடைந்தால் பிள்ளை விழுந்த மாதிரி அலறுவாள். இன்னொருத்தி மருத்துவமனைகளுக்குத் தோட்டம் போட்டுத் தருகிறாள். ஒருவன் குளிர்கிடங்கில் ஆப்பிளைத் தூங்கவைக்கிறான், கோடையிலும் கம்பளிச் சட்டை. விதைக் கம்பெனியில் சிலர், பாடம் நடத்துபவர்கள் சிலர், சொந்த நர்சரி வைத்துப் பிழைத்தவர்களும் உண்டு. அண்ணனிடம் அதைச் சொல், என் பெயரை மட்டும் எடுக்காதே.

நான் அலுவலகத்தில் இருக்கிறேன். நிறைய நடை, கொஞ்சம் கையெழுத்து. சுவாரஸ்யமில்லாத வேலை.

நன்றாகத் தூங்கு. இருட்டில் எழுதிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

அத்தை


ஆகஸ்ட் 9

அன்புள்ள அத்தைக்கு,

சுகம். வாளி கதையை வாய்பொத்திச் சிரித்தேன். அம்மாவின் மூட்டுவலி மழை வந்தால் கூடுகிறது. நீங்கள் விசாரித்ததை அவளிடம் சொல்ல முடியவில்லை, வேறு யாரோ கேட்ட மாதிரி நானே கேட்டுக்கொண்டேன்.

இப்போது எங்கள் பெருமையைச் சொல்கிறேன். கிணற்றுப் பக்கம் ஒரு ஆரஞ்சு மரம் இருக்கிறது. மூன்று வருடமாக அது காலம் தவறியும் பூக்கிறது. எல்லா மரமும் சும்மா நிற்கும்போது அது மட்டும் வெள்ளையாக நிற்கும். அப்பா அதைத் தாய்மரமாக வைத்துக்கொண்டார். இப்போது எங்கள் கன்றுகள் எல்லாவற்றுக்கும் மொட்டு அதிலிருந்துதான். ‘இரண்டு முறை பூக்கும் ஆரஞ்சு’ என்று பலகை எழுதி வைத்திருக்கிறோம். பூவைப் பார்த்தவர் கன்று வாங்காமல் போவதில்லை.

உங்களிடம் ஒரு சந்தேகம். அந்த மரத்தில் ஒரு கிளை மட்டும் மஞ்சளாக இருக்கிறது. பழங்களும் சிறுத்து, ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி வளர்கின்றன. பழுத்த பிறகும் அடிப்பக்கம் பச்சை. அப்பாவிடம் கேட்டேன். “இரட்டைப் பிள்ளை பெத்தவ கொஞ்சம் சோர்ந்துதான் இருப்பா. விடு” என்றார். உரம் வைத்தும் சரியாகவில்லை. ஒரு இலையை உள்ளே வைத்திருக்கிறேன். பாடத்தில் இதற்கு என்ன பெயர்?

தையற்கடை அக்காவும் வாங்கப் போகிறார். ஊர் ஓரத்தில் அவருக்கு நிலம் இருக்கிறதே, அது முழுக்க நம் கன்றுதான். “இன்னும் நாலஞ்சு வருஷம் மிஷினை மிதிப்பேன். அப்புறம் மரம் என்னை உக்கார வச்சு சோறு போடும்” என்கிறார். அவருக்கென்று நானே பார்த்துப் பார்த்து ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
சிட்டு


செப்டம்பர் 27

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? கடிதம் கிடைக்கவில்லையா? தினமும் தையற்கடை வழியாகத்தான் வருகிறேன். அக்கா மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே “இல்லடி” என்கிறார். உங்களுக்கு உடம்புக்கு ஏதாவதா? இல்லை, நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? என் கடிதத்தை நினைவிலிருந்து திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறேன். தப்பு எதுவும் தெரியவில்லை.

இங்கே ஒரு நல்ல செய்தி. விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அப்பாவின் முன்னால் வைத்துவிட்டு அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். கடைசியில், “சரி, தையற்கடைக்காரி லோடு முதல்ல போவட்டும். அதைப் பாத்து இன்னும் நாலு பேர் வருவாங்க. அது போன அன்னிக்கே கையெழுத்துப் போடறேன்” என்றார். டிசம்பரில் லோடு. அதுவரை என் கை நிற்காது.

இன்னொன்றும் நடந்தது. உங்கள் கடிதத்தை மெத்தைக்கு அடியில் வைத்திருந்தேன். மழையில் சுவர் ஓதம் ஏறி மெத்தை நனைந்துவிட்டது. பதறிப்போய்த் தேடினால், கடிதம் என் பழைய சீருடைக்குள் மடித்து, அலமாரியின் மேல் தட்டில் உலர்ந்து இருக்கிறது. நான் வைக்கவில்லை. அந்த மடிப்பு அம்மாவுடையது.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

சிட்டு


அக்டோபர் 11

சிட்டுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலை அதிகம். உன்னைக் காக்கவைத்ததற்கு வருந்துகிறேன்.

கேட்கிறதை மட்டும் செய். மஞ்சள் இலை ஒன்றை எடு. நடு நரம்போடு சேர்த்து இரண்டாக மடி, புத்தகத்தை மூடுவது போல. ஒரு பாதியின் மஞ்சள் மறு பாதியின் மஞ்சள் மேல் சரியாக விழுகிறதா என்று பார். சாய்ந்த பழம் ஒன்றை நெடுக்காக அறுத்து, விதை எப்படி இருக்கிறது என்று பார். உன் ஒட்டுக்கன்றுகளிலும் மஞ்சள் தெரிகிறதா? மரத்தின் துளிரில் எள்ளை விடச் சின்னதாக, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு உட்காரும் பூச்சி இருக்கிறதா?

பாடத்துக்காகத்தான் கேட்கிறேன்.

நான் எழுதும் வரை அந்த மரத்திலிருந்து மொட்டு எடுக்காதே. கை வலிக்கிறது என்று சொல்லிவிடு. இலை எதையும் தபாலில் அனுப்பாதே. அண்ணிக்கு என் அன்பு.

அத்தை


அக்டோபர் 24

அன்புள்ள அத்தைக்கு,

நலம் விசாரிக்க வேண்டும், விசாரிக்கிறேன். என்னைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

இலையை மடித்தேன். மஞ்சள் மேல் மஞ்சள் விழவில்லை. ஒரு பாதியில் திட்டு இருக்கும் இடத்தில் மறு பாதி பச்சையாக இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு இலையாவது மடித்திருப்பேன். ஒன்றாவது சரியாக விழாதா என்று பார்த்தேன். பழத்துக்குள் விதை சூம்பிக் கறுத்திருக்கிறது. பூச்சி இருக்கிறது. கன்றுகளில் பாதிக்கு மேல் லேசாக மஞ்சள்.

மடித்துக்கொண்டிருந்தபோது அப்பா பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. “யாரு சொல்லிக் குடுத்தா?” என்றார். பள்ளியில் என்றேன். என் கையிலிருந்த இலையை வாங்கினார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அதைக் கசக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். கீழே போடவில்லை, அத்தை. பைக்குள் போட்டுக்கொண்டார். குப்பையை யாராவது பைக்குள் போடுவார்களா?

அன்று இரவு தண்ணீர் குடிக்க எழுந்தேன். நர்சரிப் பக்கம் வெளிச்சம். அம்மா விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அப்பா குந்தி உட்கார்ந்து தையற்கடை அக்காவின் கன்றுகளில் மஞ்சள் இலையை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருக்கிறார். காலையில் எல்லாக் கன்றுகளும் பச்சையாக இருந்தன. ரேடியோ அண்ணன், “மொதலாளி கை பட்டா செடி என்னமா தெளிஞ்சிடுது பாத்தியா” என்று மூன்று பேரிடம் சொன்னார்.

கை வலிக்கிறது என்று சொன்னேன். அம்மா எண்ணெய் தடவிவிட்டாள். உண்மையிலேயே வலிக்கிற மாதிரி இருந்தது.

பாடத்துக்காகத்தான் கேட்டீர்களா? நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று நான் முதல் கடிதத்திலேயே கேட்டேன்.

சிட்டு


நவம்பர் 5

என் சிட்டுக்கு,

நலமாக இரு. இந்தக் கடிதத்தில் மழுப்பல் எதுவும் இல்லை.

நான் நர்சரிகளை ஆய்வு செய்கிறவள். நோயுள்ள கன்று இருந்தால் எரிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடுவதுதான் என் வேலை. உங்கள் வட்டாரத்தை மட்டும் வேறு ஆளுக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டவளும் நான்தான்.

உன் மரத்துக்கு வந்திருப்பது பசுமை நோய் என்றுதான் தோன்றுகிறது. பழுத்தும் பச்சை போகாததால் அந்தப் பெயர். மருந்து கிடையாது. உள்ளே சாறு ஓடும் வழி அடைத்துக்கொள்வதால் மரம் தவித்துப்போய்க் காலம் தவறிப் பூக்கிறது. அண்ணனுக்கு அது வரமாகத் தெரிந்திருக்கிறது. அந்த மரத்தின் மொட்டில் நோயும் சேர்ந்தே போகும். கன்று ஓரிரண்டு வருடம் நன்றாகத்தான் நிற்கும். காய்க்க வேண்டிய வயதில் காய்க்காது. பூச்சி அதிலிருந்து பக்கத்துத் தோட்டத்துக்கும் எடுத்துப் போகும்.

இதில் உன் கைமேல் குற்றமில்லை. நீ கட்டிய கட்டு சரியான கட்டுதான்.

நீ அனுப்பிய இலை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் யார் தோட்டம், யார் கொடுத்தது என்று எழுத வேண்டும். யாரிடமும் காட்டாதே என்றாய், வாக்கும் கொடுத்தேன். காட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்த இரண்டு மாதமும் உனக்கு எழுதாமல் இருந்தது இதனால்தான்.

சொந்தக்காரரே முன்வந்து சொன்னால் ஆரஞ்சுக் கன்றுகள் மட்டும்தான் போகும். நர்சரி அவர் கையிலேயே இருக்கும். பல்கலைக்கழகத்தில் பூச்சி புகாத வலைக்கூடத்திலிருந்து நோயில்லாத மொட்டு தருவார்கள். தெரிந்தே விற்றதாகப் பிடிபட்டால் கதவுக்கு முத்திரை. இதை அண்ணனுக்கு எழுதினேன். இரண்டு முறை எழுதினேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமலே திருப்பிவிட்டது.

சொல், நான் என்ன செய்யட்டும்?

அத்தை


நவம்பர் 16

அத்தைக்கு,

சுகம்.

காட்டாதீர்கள். வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

விண்ணப்பம் இந்த லோடுக்குப் பிறகுதான். முத்திரை வைத்தால் கையெழுத்து வராது, உங்களுக்குத் தெரியாதா? நீங்கள் போய்ப் படித்துவிட்டீர்கள். என் முறை வரும்போது மரத்துக்கு நோய் என்கிறீர்கள். ஒரே ஒரு லோடு. அது போகட்டும், நான் அங்கே வந்து சேர்ந்துவிடுகிறேன். நானே படித்து, நானே வந்து சரி செய்கிறேன். இப்படி எழுதும்போதே வாளி நினைவுக்கு வருகிறான். வரட்டும்.

தையற்கடை அக்கா நேற்று என்னை நிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வேலி போட்டாகிவிட்டது. குழிகள் வரிசை வரிசையாக. ஒரு குழிக்குள் இறங்கி நின்று, “இடுப்பு வரைக்கும் ஆழம் பத்துமாடி? நீதானே எங்க டாக்டரு” என்று கேட்டார். போதும் என்றேன். கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டேன். வீடு வரும் வரை அவரே பேசிக்கொண்டு வந்தார்.

கை வலி சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு மறுபடி ஒட்ட ஆரம்பித்துவிட்டேன். சந்தேகம் வரக்கூடாதல்லவா?

சிட்டு


நவம்பர் 28

சிட்டுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். உன் கோபம் எனக்குப் புரிகிறது. என் மேல் கோபப்படு, அதில் தவறில்லை.

நான் இன்னும் யாரிடமும் காட்டவில்லை. இழுப்பறையைத் திறக்கும் போதெல்லாம் இலை தெரிகிறது. இப்போது முழுக்கப் பழுப்பாகிவிட்டது.

என் பெஞ்சுத்தோழி எனக்கும் எழுதியிருக்கிறாள். குழி தோண்டிவிட்டாளாம். ‘நீ படிச்சவ, ஒரு வார்த்தை நல்லா வரும்னு சொல்லுடி’ என்று கேட்டிருக்கிறாள். பள்ளியில் நான் பசியோடு வந்த நாட்களில் தன் டப்பாவைப் பாதி என் பக்கம் தள்ளியவள். அவளுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடி வைத்திருக்கிறேன்.

உன் தோளில் இந்தப் பாரத்தை ஏற்றியிருக்கவே கூடாது. அது என் வேலை. லோடு வரைதான் பொறுப்பேன், சிட்டு. அதற்கு முன்னால் நீ சரி என்று ஒரு வார்த்தை எழுது. எழுதாவிட்டால் நான் வாக்குத் தவறியவளாகத்தான் இருக்க வேண்டும். உன்னிடம் சொல்லாமல் செய்ய மாட்டேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

கையெழுத்து இந்த வருடம் இல்லாவிட்டால் அடுத்த வருடம். பல்கலைக்கழகம் எங்கேயும் ஓடிவிடாது. என் வீட்டில் ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது.

அத்தை


டிசம்பர் 7

அன்புள்ள அத்தைக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமா என்று கடிதத்தின் முடிவில் சொல்கிறேன்.

உங்கள் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. நாளைக் காலையில் லோடு. பதில் போட்டால் உங்களுக்கு வந்து சேர நேரம் போதாது என்று தெரிந்தது. பள்ளி விட்டதும் நேரே தையற்கடைக்குப் போனேன்.

“அக்கா, நாளைக்கு லோடு எடுக்காதீங்க.”

“ஏன்டி? குழியெல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது.”

“அந்தக் கன்னுல நோவு இருக்கு. மருந்தே இல்லாத நோவு. காய்க்கிற வயசுல காய்க்காது.”

அவர் மிஷினை நிறுத்தவில்லை. ஓடிக்கொண்டிருந்த தையலை ஓரம் வரைக்கும் கொண்டுபோய் முடித்து, நூலைப் பல்லால் கடித்தார். பிறகுதான், “உங்கப்பாவுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். தைத்து வைத்திருந்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

“சரி, புரிஞ்சுது” என்றார். “அழாத. துணி நனையுது. உன் பேரு என் வாயில வராது.”

வரவில்லை, அத்தை. அந்தி சாய்கிற நேரத்தில் நர்சரிக்கு வந்து, “அண்ணே, இந்த வருஷம் வேண்டாம். மனசு மாறிடுச்சு” என்றார்.

“குழி தோண்டுன பொறகா மாறும் மனசு?” என்றார் அப்பா.

“மாறிடுச்சே, என்ன செய்ய?”

“யாரு என்ன சொன்னா?”

“யாரு சொல்லணும்? நான் என்ன பால்குடியா?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் தலை மறைந்ததும் அப்பா ரேடியோ அண்ணனைப் பிடித்துக்கொண்டார். “உன் வாய்தான்டா. வேற யாரு வாய்? மரத்தைப் பத்தி என்ன ஒளறுன?”

“மொதலாளி, மரத்துக்கு என்ன? எனக்கு எதனாச்சும் தெரிஞ்சிருந்தா நேத்தே ஊருக்கே தெரிஞ்சிருக்கும்ல?” என்றார் அவர். சிரிப்பு மூட்டத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். டிபன் பாக்ஸைத் தேடி எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் கேட்டைத் தாண்டினார். அவர் பேசாமல் போனதை நான் இன்றுதான் பார்த்தேன்.

அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. சாப்பிட்டு முடிந்ததும் அலமாரியின் மேல் தட்டிலிருந்து உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்தேன். விண்ணப்பத்தையும் எடுத்தேன். அப்பா பின்கட்டில் கை கழுவிக்கொண்டிருந்தார். கூடத்து மேசையில் கடிதங்களை வைத்து, விண்ணப்பத்தை அடியில் வைத்தேன். கையெழுத்து இடம் காலியாகவே இருக்கிறது. அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டி என் அறைக்கு ஓடி வரும்போது திரும்பிப் பார்த்தேன். அம்மா உள்ளே போய் அப்பாவின் மூக்குக்கண்ணாடியை எடுத்துவந்து, முந்தானையால் துடைத்துக் கடிதங்களின் மேல் வைத்தாள்.

அதிலிருந்து இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவுக்கு எதையும் முணுமுணுத்துத்தான் படிக்க வரும். கதவு வழியாகக் கேட்கிறது. உங்கள் கையெழுத்து என்று தெரிந்ததும் நாற்காலி ஒருமுறை நகர்ந்தது. எழுந்துவிட்டார் என்று நினைத்தேன். உட்கார்ந்துகொண்டார். தக்காளிப் பாத்தி வந்தது. வாளி வந்தான். சிரிக்கவில்லை. ‘அண்ணன் இன்னும் சாப்பிட்ட கையோடு’ என்ற வரியை இரண்டு முறை படித்தார். பிறகு காகிதம் புரட்டும் சத்தம். நடுவில் ஒருமுறை “அண்ணனுக்கு அது வரமாக” என்று வந்து நின்றுவிட்டது.

அத்தை, முதல் கடிதத்தின் முதல் வரியை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். என் கடிதங்களை யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். இலையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். யார் கொடுத்தது என்று கேட்டால் என்னை எழுதுங்கள், உங்கள் அண்ணன் மகள் என்றே எழுதுங்கள். ஆனால் இது கையில் கிடைத்த பிறகு ஒரு நாள் பொறுங்கள். ஒரே ஒரு நாள். அப்பாவே வந்து சொல்வாரோ என்னவோ. அவர் மேசையில் இருப்பவை நீங்கள் எழுதியவை மட்டும்தான். நான் எழுதியவை உங்களிடம் இருக்கின்றன. அதனால் நான் அவரைப் பற்றி என்ன எழுதினேன் என்று அவருக்குத் தெரியாது. இலையைப் பைக்குள் போட்டதை எழுதியது தெரியாது. அதை அவர் கேட்டால் நானே சொல்ல வேண்டும்.

ரேடியோ அண்ணன் வீட்டுக்குக் காலையில் நானே போய்ச் சொல்லிவிடுவேன். அவரிடம் சொன்னால் ஊருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது.

முணுமுணுப்பு நின்றுவிட்டது. காகிதங்களைத் தட்டி அடுக்குகிற சத்தம். அம்மா ஏதோ கேட்கிறாள்.

நாற்காலி. செருப்பு மாட்டுகிறார். இந்தப் பக்கம்தான் வருகிறார்.

நோட்டை மேலே இழுக்கவில்லை, அத்தை. கடிதம் திறந்தே இருக்கிறது. எழுத்து கோணினால்

கதவுக்கு வெளியே நின்றுவிட்டார். தள்ளவில்லை. மூச்சு கேட்கிறது. ஏன் தள்ளவில்லை

அத்தை, தட்டுகிறார்